தோற்கிற சீசனில் எதைச் சேர்ப்பது? கூடைப்பந்து அணியை மீண்டும் கட்டும் கணக்கு

ஒரு கூடைப்பந்து கிளப் லீக்கில் பத்து ஆட்டம் ஆடி எட்டில் தோற்றால் சென்னையில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒன்று, கோச்சை மாற்றுவார்கள். இல்லையென்றால், "இந்த வருஷம் ரீபில்டிங் சார், ரெண்டு வருஷம் டைம் குடுங்க" என்று கோச் கேட்பார், கமிட்டியும் தலையாட்டும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அணி அதே இடத்தில் நிற்கும். ஆட்டக்காரர்கள் மட்டும் மாறியிருப்பார்கள்.

அவகாசம் கேட்டதில் தவறில்லை. ஓர் அணியைக் கட்ட உண்மையிலேயே மூன்று வருடம் பிடிக்கும். அந்த அவகாசத்தில் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்காததுதான் தவறு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் மோசமாகத் தோற்ற அணிகள் சில வருடங்களில் கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, தோல்வியைப் பொறுத்துக்கொண்டாலே அணி வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கும் பரவியிருக்கிறது. தோல்வி தானாக எதையும் தராது. வெற்றிக்காக மட்டுமே ஆடும் அணியில் கிடைக்காத ஆட்ட நிமிடங்கள் தோற்கும் அணியில் கிடைக்கும். அதன் ஒரே சொத்து அது. அந்த நிமிடங்கள் யாருக்குப் போகின்றன, அவற்றில் அவர்களுக்கு என்ன கற்றுத் தரப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்பிஏ அணிகளுக்கு இதற்கு மேல் ஒரு பரிசும் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

தோற்றவருக்கு முதல் தேர்வு

என்பிஏவில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் சீசனில் 82 ஆட்டங்கள். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு, அடுத்த சீசனில் லீக்குக்குள் வரும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். அந்த டிராஃப்ட்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். ஒன்று முதல் பதினான்கு வரை எண் எழுதிய 14 பந்துகளை இயந்திரத்தில் போட்டு நான்கை எடுப்பார்கள். எந்த வரிசையில் வந்தாலும் சரி. 14 பந்துகளில் நான்கை எடுக்க 1001 வழிகள் உண்டு. ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000 சேர்க்கைகளை அணிகளுக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 2019 முதல் கடைசி மூன்று இடங்களில் உள்ள அணிகளுக்குத் தலா 140 சேர்க்கைகள், அதாவது 14 சதவீத வாய்ப்பு. பதினான்காவது அணிக்கு வெறும் ஐந்து. முதல் நான்கு தேர்வுகளுக்கு மட்டும்தான் குலுக்கல். மற்றவை தோல்வி வரிசைப்படி போகும்.

2019க்கு முன் கடைசி அணிக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தது. வேண்டுமென்றே தோற்பதில் லாபம் குறையட்டும் என்றுதான் அதைக் குறைத்தார்கள். 2019இல் வந்த கணக்கில் லீக்கிலேயே மோசமான அணி ஐந்தாவது தேர்வுக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 47.9 சதவீதம். 2025இல் அதுதான் நடந்தது. 17 வெற்றி, 65 தோல்வியோடு கடைசியில் நின்ற யூட்டா ஜாஸுக்கு ஐந்தாவது தேர்வுதான் வந்தது. 39 ஆட்டங்களில் ஜெயித்து, 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த டல்லாஸ் மேவரிக்ஸ் முதல் தேர்வைப் பெற்று கூப்பர் ஃப்ளாக்கை எடுத்துக்கொண்டது. பழைய கணக்கும் யாருக்கும் உத்தரவாதம் தந்ததில்லை. 2011–12 சீசன் 66 ஆட்டங்களாகச் சுருங்கியபோது ஷார்லட் பாப்கேட்ஸ் ஏழில் ஜெயித்து 59இல் தோற்றது. வெற்றி விகிதத்தில் லீக் வரலாற்றிலேயே மிக மோசமான சீசன் அது. அந்த வருடக் குலுக்கலில் முதல் தேர்வு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. ஆந்தனி டேவிஸும் அங்கே போனார்.

பந்து சரியாக விழுந்தாலும் கைக்கு வருவது ஒரு 19 வயதுப் பையன்தான். அவனை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் அணிகள் வேறுபடுகின்றன.

ஒரே வழி, மூன்று முடிவு

ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் இந்த வழியை அதன் எல்லைவரை கொண்டுபோன அணி. 2013இல் சாம் ஹின்கி பொறுப்பேற்றதும் பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் நல்ல பாயிண்ட் கார்டான ஜ்ரூ ஹாலிடேயை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று சீசன்களில் வெற்றிகள் 19, 18, 10. தேர்வுகள் குவிந்தன. ஆனால் நெர்லென்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஓகஃபோர் என்று அடுத்தடுத்து வந்த மூவரும் சென்டர்கள், ரிங்குக்கு அருகில் ஆடும் உயரமானவர்கள். ஒரே நேரத்தில் இருவரை இறக்கினாலும் ரிங்குக்குக் கீழே இடம் போதாது. பந்தைச் சரியான நேரத்தில் அவர்களிடம் கொண்டுசேர்க்க அனுபவமுள்ள கார்டும் இல்லை. 2014இல் சிறந்த புதுமுகம் விருது வாங்கிய மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸையும் அடுத்த சீசனின் நடுவிலேயே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். எம்பீட் பின்னாளில் 2023இன் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார், அந்த அளவுக்குத் தேர்வு சரிதான். ஆனாலும் 2018 முதல் 2023 வரை ஐந்து முறை பிளேஆஃபின் இரண்டாம் சுற்றுக்குப் போன அணி ஐந்து முறையும் அதைத் தாண்டவில்லை.

ஓக்லஹோமா சிட்டி தண்டரும் தோற்றது. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 152–79 என்று 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. என்பிஏ வரலாற்றில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த சீசனில் 24 வெற்றி. அடுத்து 40, 57, பிறகு 2024–25இல் 68 வெற்றியும் கோப்பையும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபிலடெல்ஃபியா செய்ததையேதான் இவர்களும் செய்தார்கள். உள்ளே இரண்டு விஷயங்கள் வேறு. 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்தபோது அவர்கள் வாங்கியது எதிர்காலத் தேர்வுகளை மட்டுமல்ல, ஏற்கெனவே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரையும். பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் ஆள் முதல் நாளிலிருந்தே இருந்தார். அவரைச் சுற்றித்தான் மற்றவர்கள் வளர்ந்தார்கள். இரண்டாவது விஷயம், யாரை எடுப்பது என்பதில் ஒரு நிலையான அளவுகோல்: எல்லா உயரத்திலும் பந்தை ஓட்டவும் பாஸ் கொடுக்கவும் டிஃபன்ஸ் ஆடவும் தெரிந்தவர்கள். பன்னிரண்டாவது தேர்வில் வந்த ஜேலன் வில்லியம்ஸும், டிராஃப்டில் யாருமே எடுக்காமல் விட்ட லூ டார்ட்டும் அப்படித்தான் கிடைத்தார்கள். 73 புள்ளியில் தோற்ற பிறகும் கோச் மார்க் டேக்னோ மாற்றப்படவில்லை. 2025இல் கோப்பையைத் தூக்கியபோது கோச் அவர்தான்.

மூன்றாவது டிட்ராய்ட் பிஸ்டன்ஸ். நம் ஊர் அணிகள் அதிகம் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்று தோன்றுகிறது. 2023–24 சீசனை 2–1 என்று தொடங்கி, பிறகு தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. ஒரே சீசனில் அதுவரை எந்த அணியும் அப்படித் தோற்றதில்லை. மொத்தம் 14 வெற்றி. அடுத்த சீசனில் 44 வெற்றி. நடுவில் பெரிய நட்சத்திரம் யாரும் வந்துவிடவில்லை. 2021இல் முதல் தேர்வாக வந்த கேட் கன்னிங்ஹாமே அணியின் மையம், ஜேலன் டூரனும் ஆசார் தாம்ஸனும் பழையவர்களே. புதிய கோச்சாக ஜே. பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். கூடவே டோபயஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று தூரத்திலிருந்து எறியத் தெரிந்த அனுபவஸ்தர்கள் வந்தார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 மூன்று புள்ளிப் பந்துகளைப் போட்டார். முந்தைய வருடம் கன்னிங்ஹாம் ரிங்கை நோக்கி ஓட்டும்போது எதிரணியின் உதவி டிஃபன்ஸ் தயங்காமல் உள்ளே வந்து அவரைச் சூழ்ந்தது. வெளியே நிற்பவர் எறிந்தாலும் விழாது என்ற தைரியம். இப்போது உள்ளே வந்தால் மூலையில் பீஸ்லி நிற்கிறார். அதே கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது. இளம் வீரர்கள் கற்றுக்கொள்ளவே ஓரளவு ஒழுங்கான ஆட்டம் அவர்களைச் சுற்றி நடக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் இல்லாமல் போனது அதுதான்.

இந்திய ரசிகர்களுக்கு நெருக்கமான சாக்ரமென்டோ கிங்ஸ், 2019இல் மும்பைக்கு வந்து ஆடிய அணி, 16 சீசன்கள் பிளேஆஃபைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கோச்கள் மாறினார்கள். 2014 டிசம்பரில் அவர்கள் அனுப்பிய மைக்கேல் மலோன் 2023இல் டென்வரைச் சாம்பியன் ஆக்கினார். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

சென்னையில் டிராஃப்ட் கிடையாது

இங்கே கடைசி இடத்துக்கு எந்தப் பரிசும் இல்லை. கீழிறக்கம் உள்ள லீக்கில் கடைசி இடம் என்றால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் வளரும் பையன் வேறு அணிக்குப் போவான். ஆகவே வேண்டுமென்றே தோற்பது என்ற யோசனைக்கு இங்கே இடமே கிடையாது.

ஆட்டக்காரர் நகரும் பாதையும் வேறு. பள்ளியில் தொடங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அங்கிருந்து வேலை தரும் அணி: இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், வருமான வரி, சுங்கத்துறை, காவல்துறை. 2022 ஏப்ரலில் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் தமிழ்நாடு ஆடவர் அணி பஞ்சாபை வென்று தேசியப் பட்டத்தை எடுத்ததற்குப் பின்னால் இந்தப் பாதை இருந்தது. இந்திய அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். என்பிஏவில் சம்பள உச்சவரம்பு எதைச் செய்கிறதோ அதை இங்கே வேலை செய்கிறது. நல்ல ஆட்டக்காரர் எங்கே போவார் என்பதை அதுவே முடிவு செய்கிறது. கிளப்போ கல்லூரியோ அதோடு போட்டி போட முடியாது. ஒருவரை நான்கைந்து வருடம்தான் வைத்திருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். மகளிர் அணிகளில் இந்தக் காலம் இன்னும் குறைவு. கல்லூரி முடிந்ததும் வேலையோ திருமணமோ ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது.

அணிகள் சரிவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். ஒரே வயதில் ஏழு பேர் சேர்ந்து வளர்கிறார்கள், மூன்று வருடம் ஜெயிக்கிறார்கள். அப்போது அவர்களே 40 நிமிடமும் ஆடுகிறார்கள், பென்ச்சில் இருக்கும் சின்னப் பையன்கள் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரே ஜூனில் ஏழு பேரும் போய்விடுகிறார்கள். தோற்கிற சீசன் தொடங்குவது அந்த ஜூனில் அல்ல, ஜெயித்த மூன்று வருடங்களில்தான்.

முதல் வேலை: எதனால் தோற்கிறோம்

"டிஃபன்ஸ் சரியில்லை, பசங்க ஓடல" என்பது நோயின் பெயர் ஆகாது. ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோர்ஷீட்டும் இதில் உதவாது. அதில் விழுந்த புள்ளிகளும் ஃபவுல்களும்தான் இருக்கும். தவறிய எறிகள், ரீபவுண்ட் (தவறி வரும் பந்தைப் பிடிப்பது), டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) எதுவும் இருக்காது. அதனால் பென்ச்சில் ஒருவர் தனித்தாளில் ஐந்து விஷயங்களைக் குறிக்க வேண்டும்: எறிகள், அவற்றில் விழுந்தவை, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, அட்டாக்கில் எடுத்த ரீபவுண்ட், டர்ன்ஓவர். இரண்டு அணிக்கும் குறித்தால் இன்னும் நல்லது.

எடுத்துக்காட்டாக ஓர் அணி 78–60 என்று தோற்றதாக வைத்துக்கொள்வோம். 62 எறிகள், விழுந்தவை 22, அதில் மூன்று புள்ளிப் பந்து ஆறு. ஃப்ரீ த்ரோ 18க்குப் பத்து. அட்டாக் ரீபவுண்ட் ஒன்பது, டர்ன்ஓவர் 21. பந்து எத்தனை முறை கையில் கிடைத்தது என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: எறிகளோடு ஃப்ரீ த்ரோவின் 0.44 மடங்கைக் கூட்டி, அட்டாக் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்ட வேண்டும். இங்கே 62ஐயும் 7.92ஐயும் கூட்டி, ஒன்பதைக் கழித்து, 21ஐக் கூட்டினால் ஏறத்தாழ 82. அதில் 21 தடவை பந்து எறியப்படாமலே போயிருக்கிறது, அதாவது நான்கில் ஒன்று. டர்ன்ஓவர் ஆகாத 61 தடவையில் 60 புள்ளி வந்திருக்கிறது, தடவைக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி.

இப்போது டர்ன்ஓவர் 21லிருந்து 14 ஆகிறது என்று வையுங்கள். நமக்கு ஏழு புள்ளி கூடும். மிச்சமான அந்த ஏழில் நான்கு, எதிரணி பந்தைப் பறித்து நேராக ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து லேஅப் போட்டவை என்றால் அவர்களுக்கு எட்டுப் புள்ளி குறையும். ஃப்ரீ த்ரோ 18க்குப் பன்னிரண்டு விழுந்தால் இன்னும் இரண்டு. 78–60 என்பது 70–69 ஆகிவிடும். யாரும் உயரமாகவில்லை, யாருடைய ஷாட்டும் மாறவில்லை.

தோற்கும் அணிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் இதே படம்தான் வரும். ஆனாலும் பயிற்சி நேரம் மொத்தமும் ஷூட்டிங்குக்கும் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். ஷூட்டிங் முன்னேற இரண்டு ஆஃப்-சீசன் வேண்டும். டர்ன்ஓவரை ஆறு வாரத்தில் குறைக்க முடியும்.

டர்ன்ஓவரையும் இரண்டாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். டிராவல், கோட்டுக்கு வெளியே போன பாஸ், 24 விநாடி முடிந்தது போன்றவற்றில் ஆட்டம் நின்றுவிடுகிறது, நம் ஆட்கள் திரும்பி வந்து நிற்க நேரம் உண்டு. எதிரணி கையால் பறித்ததில் அது இல்லை, அடுத்த நான்கு விநாடியில் லேஅப். முதலில் இரண்டாவது வகையைக் குறைக்க வேண்டும். இளம் அணியில் அவை வரும் இடமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கக் கோட்டோரம். அங்கே கார்டை இருவர் மறித்ததும், பின்கோர்ட்டுக்குப் பந்தைத் திருப்பவும் முடியாது, கோடும் ஒரு பக்கம் அடைக்கிறது. அவன் தலைக்கு மேலே பாஸை வீசுகிறான், மூன்றாவது ஆள் அதைக் கவ்விக்கொண்டு போகிறான். இதற்கு இரண்டு பயிற்சிகள் போதும். ஒன்று, டிரிபிள் இல்லாமல், அதாவது பந்தைத் தரையில் தட்டி ஓட்டாமல், நான்குக்கு நான்கு. பாஸ் வாங்க ஆட்கள் ஓடிவந்தே ஆக வேண்டும். மற்றொன்று, பந்தை மேலே கொண்டுபோகும் ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்துவது. இதை வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம் செய்தால் பக்கக் கோட்டுக்குப் போகாமல் நடுவில் நிற்கும் ஆளைத் தேடும் பழக்கம் வந்துவிடும்.

ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் கடைசியில் நூறு எறியச் சொல்வது வீண். ஆட்டத்தில் யாரும் தொடர்ந்து நூறு எறிவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இரண்டு எறிகிறார்கள். கோர்ட்டின் இரு முனைக்கும் ஒரு முறை ஓடி வந்து இரண்டு, மறுபடி ஓடி வந்து இரண்டு என்று பத்துச் சுற்று. ஒவ்வொருவருடைய எண்ணிக்கையையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

200 நிமிடத்தைப் பிரிப்பது

ஒரு ஆட்டத்தில் 40 நிமிடம், ஐந்து பேர், ஆக 200 ஆட்டக்காரர்-நிமிடம். மறுகட்டமைப்பின் வரவு செலவு மொத்தமும் இந்த 200க்குள்தான். இருபது வயதுக்குட்பட்ட, இன்னும் மூன்று வருடம் இருக்கப்போகிற நால்வருக்குத் தலா 25 நிமிடம், அதாவது 100. ஒரு மூத்த கார்டு, ஒரு மூத்த சென்டர், இருவருக்கும் தலா 25. மீதி 50ஐ மற்ற நால்வர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆட்டம் 20 புள்ளியில் போன பிறகு கடைசி நான்கு நிமிடம் சின்னப் பையன்களை இறக்கிவிடுவதை நிமிடம் கொடுத்ததாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்போது எதிரணியும் இரண்டாம் வரிசையை இறக்கியிருக்கும். அதில் கற்க ஒன்றுமில்லை. முதல் கால்பகுதியில், எதிரணியின் முதல் ஐந்து பேருக்கு எதிராகக் கிடைப்பதே நிமிடம்.

மூத்தவர்கள் எதற்கு என்று கேட்கலாம். டிட்ராய்ட் காட்டியதுதான் காரணம். பந்தைப் பத்திரமாக மேலே கொண்டுவர ஒருவரும், டிஃபன்ஸில் பின்னாலிருந்து "ஸ்க்ரீன் லெஃப்ட்" (இடப்பக்கம் எதிரணி ஆள் வழிமறிக்கிறான்) என்று சத்தம் போட ஒருவரும் இல்லாவிட்டால் மற்ற மூன்று இளைஞர்களும் எதையும் சரியான நிலையில் ஆடிப் பார்க்கவே முடியாது. ஆனால் இருவர் போதும். மூன்றாவது, நான்காவது மூத்தவர் சேர்ந்ததும் நிமிடங்கள் அவர்கள் பக்கம் ஒழுகத் தொடங்கும்.

பையன்கள் ஃபவுல் செய்வார்கள். ஐந்து ஃபவுலில் வெளியே போக வேண்டும் என்பதால், இரண்டாம் கால்பகுதிக்குள் மூன்று வாங்கியவனை உட்காரவைப்பது வழக்கம். முதல் வருடத்தில் அவனைத் திரும்ப இறக்கிவிடுவதுதான் சரி. மூன்று ஃபவுலோடு கையை நீட்டாமல் காலால் டிஃபன்ஸ் ஆடுவது எப்படி என்பதை வேறு எங்கும் கற்க முடியாது.

அடுத்தது, இங்கே கோச்கள் பலரும் ஒத்துக்கொள்ளத் தயங்குகிற விஷயம்: 2–3 ஸோன், அதாவது முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பது. பலவீனமான டிஃபன்ஸ் ஆட்டக்காரர்களை மறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. திறந்தவெளி கோர்ட்டில், மாலையில் கடல் காற்று அடிக்கும்போது, எதிரணி தூரத்திலிருந்து எறிந்து விழாமல் போகும். ஸோன் இரண்டு ஆட்டத்தை ஜெயித்தும் கொடுக்கும். மூன்று வருடம் கழித்து அதே பையன்கள் உள்ளரங்க மரத்தரையில், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நிதானமாக நின்று எறியும் வங்கி அணியைச் சந்திக்கும்போது ஒவ்வொருவராக ஆளைப் பிடித்து ஆடத் தெரியாமல் நிற்பார்கள். தோற்கிற சீசனில் குறைந்தது மூன்று கால்பகுதி மேன்-டு-மேன், அதாவது ஆளுக்கு ஒருவரைப் பிடித்து, ஆட வேண்டும். அதனால் இன்னும் இரண்டு ஆட்டம் தோற்கலாம். அந்தத் தோல்விகளைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முழங்காலும் மழையும்

சென்னையில் கோர்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை, மரத்தரைக்குத்தான் பஞ்சம். பெரும்பாலும் சிமென்ட் தரை, அல்லது அதன் மேல் பூசிய சின்தடிக். 18 வயதில் நன்றாகக் குதிக்கிற பையன் ஒரே மாதத்தில் கல்லூரிக்கு, மாவட்ட வயதுப் பிரிவு அணிக்கு, கிளப்புக்கு என்று மூன்று கோச்சிடம் போகிறான். மூவரும் அவனைக் குதிக்கவைக்கிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி தொடங்குகிறது. ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடுகிறான், அடுத்த சீசன் முழுக்க வெளியே உட்காருகிறான். மறுகட்டமைப்பு நின்றுபோக இது மிகச் சாதாரணமான காரணம், யாரும் பேசாத காரணமும்கூட. வாரத்துக்கு நான்கு நாளுக்கு மேல் கெட்டித் தரையில் குதிக்க விடக்கூடாது. மற்ற இரண்டு நாள் ஸ்குவாட், ஒற்றைக்கால் இறக்கம், கெண்டைக்கால் பயிற்சி. அவனுடைய மற்ற கோச்களிடம் போனில் பேசி வார அட்டவணையை ஒன்றாக்குவது கிளப் கோச்சின் வேலையில் சேர்ந்ததுதான்.

நாட்காட்டியை மழையே வகுக்கிறது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை திறந்தவெளி கோர்ட்டை நம்ப முடியாது. ஈரமான சின்தடிக்கில் ஆடவிட்டால் கணுக்கால் போகும். அந்த வாரங்களை உடற்பயிற்சிக்கும், ஆட்ட வீடியோ பார்ப்பதற்கும், கூரை உள்ள ஏதாவது ஒரு இடத்தில் பந்தைக் கையாளும் பயிற்சிக்கும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் காலை ஆறு முதல் எட்டு வரைதான் நேரம். ஷூட்டிங் வடிவத்தைத் திருத்தும் வேலைக்கு அதுவே நல்ல காலம், ஏனென்றால் மறுநாள் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் எதுவும் இருக்காது. எறியும் முறையை சீசன் நடுவில் மாற்றினால் பையன் இரண்டையும் இழப்பான்.

வருடத்துக்கு வருடம் எதைப் பார்ப்பது

பத்துப் பதினைந்து ஆட்டம் மட்டுமே உள்ள லீக்கில் வெற்றி எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது. என்பிஏவிலேயே 82 ஆட்டங்களில் சராசரிப் புள்ளி வித்தியாசம் ஒன்று கூடினால் ஏறக்குறைய இரண்டரை வெற்றி கூடும் என்று கணக்கிட்டு, வெற்றியைவிட வித்தியாசத்தையே நம்புகிறார்கள். முதல் வருடம் சராசரி 20 புள்ளியில் தோற்ற அணி, இரண்டாம் வருடம் எட்டுப் புள்ளியில் தோற்றால் அது பெரிய முன்னேற்றம். பட்டியலில் மட்டும் அதே கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கலாம். கோச் மாற்றப்படுவது பெரும்பாலும் சரியாக இந்த இடத்தில்தான். கமிட்டியிடம் வித்தியாசமும் டர்ன்ஓவரும் எழுதிய ஒரு தாளை ஆட்டத்துக்கு ஆட்டம் கொடுத்துவந்திருந்தால் அந்த விபத்தைத் தடுக்கலாம். கால்பகுதி வாரியாகவும் பார்க்க வேண்டும். முதல் இரண்டில் சமமாக ஆடி மூன்றாவதில் மட்டும் 15 புள்ளி விடுகிற அணிக்குத் தேவை புதிய ஆட்டக்காரர் இல்லை. பென்ச்சிலிருந்து வரும் ஆறாவது, ஏழாவது ஆட்களுக்குக் கூடுதல் தாக்குப்பிடிப்பும், இடைவேளையில் எதிரணி மாற்றிக்கொண்டதைக் கவனிக்கும் ஒரு கண்ணும்தான்.

இரண்டாம் வருடத்தில் வரும் ஆபத்து வேறு. அணி கொஞ்சம் ஜெயிக்கத் தொடங்கியதும், ஒரு டோர்னமென்ட்டின் கால்இறுதிக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேரைப் பேட்டா கொடுத்து அழைத்துவரலாம் என்று யாராவது சொல்வார்கள். வந்தவர்கள் நன்றாகவே ஆடுவார்கள், கோப்பைகூட வரலாம். ஆனால் இரண்டு வருடம் தோல்வியைத் தாங்கிய 19 வயது கார்டு அந்த ஆட்டத்தில் 30 நிமிடம் பென்ச்சில் இருந்திருப்பான். நெருக்கடியான கடைசி மூன்று நிமிடத்தில் பந்து அவன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தது. அடுத்த மாதம் அவன் வேறு கிளப்பின் பனியனில் நின்றால் அவனைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் வருடம் அணி ஜெயிக்கும், கூடவே வேலைக்கான அழைப்பும் வரும். நால்வரில் இருவர் போவார்கள். போகவும் வேண்டும், அந்த வேலைக்காகத்தான் அவர்கள் வீட்டில் இத்தனை வருடம் ஆடவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வருபவன் அந்த ஜூனில் புதிதாகத் தேடப்படுபவனாக இருக்கக் கூடாது. முதல் வருடத்திலேயே 15, 16 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை வாரத்தில் இரண்டு நாள் மூத்த அணியோடு அதே கோர்ட்டில் நிறுத்தி, எதிரணியின் மறிப்பை உடைக்கும் அதே பிரஸ்-பிரேக், அதே டிஃபன்ஸ் அழைப்புகள், முன்கூட்டியே திட்டமிட்ட அதே இரண்டு செட் பிளேயைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். மூத்த அணி ஜெயிக்கிற வருடத்திலும் 200 நிமிடத்தில் 40ஐ இவர்களுக்கு ஒதுக்கி, அதை சீசன் தொடங்கும் முன்பே கமிட்டிக் கூட்டத்தின் குறிப்பேட்டில் பதிந்துவைப்பது நல்லது. அரையிறுதிக்கு முந்தைய நாள் கோச்சோ செயலாளரோ அந்த 40 நிமிடத்தில் கைவைக்கப் பார்ப்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்.